ஊர்ப்பெயரில் டாட் காம் இருக்கிறது. டிரேட்மார்க் எடுத்தால் வெப்சைட் பத்திரமாகுமா?

வெட்டாறு_கரை:

வணக்கம். குடவாசல் பக்கத்தில் மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், கருப்புக் கவுனி போன்ற பழைய ரகங்களை அரிசியாகவும் அவலாகவும் ஆன்லைனில் விற்கிறோம். அண்ணன் தம்பி இரண்டு பேர் பார்ட்னர்ஷிப். 2021இல் வாங்கிய டொமைன் 'ஊர்ப்பெயர் + அரிசி' டாட் காம். முழுப் பெயரை இங்கே போட விரும்பவில்லை, அமைப்பு அதுதான். முதல் பில் 2022 ஜனவரி. அரிசிப் பையில் நாங்களே கோத்துக்கொண்ட ஒரு சொல் பெரிதாக இருக்கும், தமிழிலும் ஆங்கிலத்திலும். அந்தச் சொல்லுக்கு டொமைன் எதுவும் வாங்கவில்லை.

இந்த வருடம் பக்கத்து ஊரில் அரிசி விற்கும் ஒருவர் எங்கள் டொமைன் பெயரிலேயே டாட் இன் வாங்கிவிட்டார். அதைத் தட்டினால் அவர் கடைப் பக்கம் வருகிறது. எங்களுடையது என்று நினைத்து அங்கே ஆர்டர் போட்டவர்கள் எங்களுக்குப் போன் செய்கிறார்கள்.

டாட் காம் முதலில் வாங்கியது நாங்கள் என்பதால் பெயர் எங்களுக்குச் சொந்தமா? ஏஜென்ட் ஒருவர் 'டாட் காம்' என்பதையும் சேர்த்து முழுப் பெயரை, டிரேட்மார்க் பதிவில் அரிசி, மாவு வரும் வகுப்பு 30இல் போட்டுவிட்டால் வெப்சைட்டும் அதில் அடங்கிவிடும் என்கிறார். சரியா? டாட் இன்னை எங்கள் கைக்குக் கொண்டுவர வழி உண்டா? இன்னொன்று, டொமைனை எடுத்துக் கொடுத்தது வெப்சைட் செய்தவர். வருடா வருடம் பணத்தை அவரிடம்தான் கொடுக்கிறோம்.


அரசலாறு:

கடைசியாகச் சொன்னீர்களே, அதை முதலில் பாருங்கள். மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவசரம்.

டொமைன் யாருக்கும் சொந்தமாவதில்லை, வருடக் கணக்கில் எடுக்கும் குத்தகை. குத்தகைதாரர் யார் என்றால், பணம் கொடுத்தவர் அல்ல. டொமைன் விற்கும் ரெஜிஸ்ட்ரார் கம்பெனியின் பதிவில் 'ரெஜிஸ்ட்ரன்ட்' என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர். வெப்சைட் செய்பவர்கள் தங்கள் கணக்கிலேயே பல வாடிக்கையாளர்களின் டொமைன்களை எடுத்து வைப்பது வழக்கம். பெரும்பாலும் கெட்ட எண்ணம் இல்லை, வேலை சுலபம் என்பதால்தான். ஆனால் அவர் தொழிலை விட்டாலோ, போன் நம்பர் மாற்றினாலோ, புதுப்பிக்க மறந்தாலோ போவது உங்கள் கடை.

வெளியில் தேடிப் பார்த்தால் இப்போதெல்லாம் பெயர் மறைத்துத்தான் காட்டும். அதனால் அவருடைய கணக்கின் ரெஜிஸ்ட்ரன்ட் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். அவர் பெயர் இருந்தால், அதே ரெஜிஸ்ட்ராரில் உங்கள் பெயரில் ஒரு கணக்கு திறந்து, அதற்கு டொமைனைத் தள்ளிவிடச் சொல்லுங்கள். ஒரே கம்பெனிக்குள் கணக்கு மாற்றுவது சில நிமிட வேலை. பிறகு ரெஜிஸ்ட்ரன்ட் பெயரை உங்கள் ஃபர்ம் பெயருக்கு மாற்றுங்கள். அப்படி மாற்றியதும், முன்கூட்டியே விலக்குக் கேட்டிருந்தால் தவிர, வேறு ரெஜிஸ்ட்ராருக்கு 60 நாள் கொண்டுபோக முடியாதபடி பூட்டு விழும். கம்பெனியையும் மாற்றும் எண்ணம் இருந்தால் எதை முதலில் செய்வது என்று அதற்கேற்பத் தீர்மானியுங்கள். உங்களுக்கு இப்போது அது தேவையில்லை.

கணக்கில் கொடுக்கும் ஈமெயில் அதே டொமைனைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது. டொமைன் காலாவதியானால் அந்த ஈமெயிலும் செத்துவிடும், மீட்புக் கடிதம் வந்து சேர இடம் இருக்காது. தானாகப் புதுப்பிக்கும் வசதியை ஆன் செய்யுங்கள், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். கார்டு காலாவதியாகிப் பணம் பிடிக்க முடியாமல் போவதுதான் அடிக்கடி நடப்பது. டாட் காம் காலாவதியான பிறகு ரெஜிஸ்ட்ரார் கொடுக்கும் சலுகை நாட்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதிகபட்சம் 45. அது முடிந்து நீக்கியபின் 30 நாள் மீட்புக் காலம் உண்டு, அப்போது கட்டணம் பல மடங்கு. அதற்குப் பிறகு 5 நாள் காத்திருப்பு, பிறகு யார் வேண்டுமானாலும் எடுக்கலாம்.

லோகோ வரைந்தது யார்? சம்பளத்துக்கு வேலை செய்பவராக இல்லாமல் வெளியாள் வரைந்திருந்தால், பணம் கொடுத்திருந்தாலும் பதிப்புரிமை பொதுவாக அவரிடமே நிற்கும். எழுத்து மூலம் உரிமை மாற்றிக் கையெழுத்து வாங்குங்கள். அதில் 'காலவரையின்றி, உலகம் முழுவதும்' என்று எழுத வேண்டும். காலம் குறிப்பிடவில்லை என்றால் பதிப்புரிமைச் சட்டம் பிரிவு 19இன்படி 5 வருடம் என்றும், இடம் குறிப்பிடவில்லை என்றால் இந்தியா மட்டும் என்றும் எடுத்துக்கொள்ளப்படும். வெப்சைட்டின் வடிவமைப்புக்கும் வாசகங்களுக்கும் இதே தாளில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.


கீழவீதி:

டிரேட்மார்க் பக்கம் நான் சொல்கிறேன். ஏஜென்ட் சொன்னது சரியில்லை. 'ஊர்ப்பெயர் + அரிசி' என்பது எந்த ஊர், என்ன பொருள் என்று சொல்கிறதே தவிர, யாருடையது என்று சொல்லவில்லை. 1999ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் பிரிவு 9(1)(பி) பொருளின் வகை, தரம், விளையும் இடம் ஆகியவற்றை மட்டும் குறிக்கும் பெயர்களை மறுக்கிறது. பின்னால் 'டாட் காம்' ஒட்டினால் அந்தக் குறை தீராது. அது எல்லார் முகவரியிலும் வரும் வால். 'பொன்னி' என்று வைத்தாலும் அரிசிக்கு இதே கதிதான், அது நெல் ரகத்தின் பெயர். ரகப் பெயர்களை எந்த ஒரு வியாபாரியும் தனக்கென்று அடைத்துக்கொள்ள முடியாது, முடியவும் கூடாது.

நீண்ட காலம் புழங்கி, அந்தப் பெயரைக் கேட்டாலே மக்களுக்கு உங்கள் கடைதான் நினைவுக்கு வரும் என்று நிரூபித்தால் அதே பிரிவு விலக்குத் தருகிறது. ஆனால் அது விண்ணப்பத் தேதிக்கு முன்பே நடந்திருக்க வேண்டும். விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு, பத்திரிகைச் செய்தி எல்லாம் வேண்டும். 2022இல் தொடங்கிய கடைக்கு அது கடினம்.

உங்கள் உண்மையான சொத்து பையில் இருக்கும் அந்தக் கோத்த சொல். அதைப் பதியுங்கள்.

வரிசை முக்கியம். விண்ணப்பம் போட்டதும் அது டிரேட்மார்க் ரெஜிஸ்ட்ரியின் பொதுத் தேடலில் யாரும் பார்க்கும்படி வந்துவிடும். அதனால் முதலில் அந்தச் சொல்லுக்கு டாட் காம், டாட் இன் இரண்டையும் வாங்குங்கள், அன்றைக்கே விண்ணப்பம். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு விதமாக அடிப்பார்கள்: ழகரத்துக்கு 'இசட் எச்' போடுபவரும் உண்டு, வெறும் 'எல்' போடுபவரும் உண்டு, நெடிலுக்கு 'ஏ' ஒன்றா இரண்டா என்பதும் அப்படியே. வாடிக்கையாளர்கள் வாட்ஸ்அப்பில் உங்கள் பெயரை எப்படி அடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள், அதிகம் வருகிற ஒன்றிரண்டு மாற்று எழுத்துக்கூட்டலை டாட் காமில் எடுத்தால் போதும். இருபது டொமைன் வாங்கி வருடா வருடம் புதுப்பிப்பது வீண். தமிழ் எழுத்திலேயே டாட் இந்தியா முகவரியும் கிடைக்கிறது. பை முழுக்கத் தமிழ் என்றால் அதையும் எடுக்கலாம்.

அதற்கும் முன், இந்திய அறிவுசார் சொத்து அலுவலகத் தளத்தில் இலவசத் தேடல். எழுத்து அப்படியே ஒத்துப்போவதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்தாதீர்கள், ஒலியொப்புத் தேடலும் செய்யுங்கள். 30இல் மட்டும் தேடாமல் 29, 31, 35 வகுப்புகளிலும் பாருங்கள்.

வகுப்பு: அரிசி, அவல், மாவு எல்லாம் 30. விதைநெல்லாக விற்றால் 31. மற்றவர்களுடைய கருப்பட்டி, தேன் எல்லாம் சேர்த்து ஒரு கடையாக வெப்சைட் நடத்தினால் 35. செக்கெண்ணெய் தொடங்கும்போது 29. எல்லாவற்றையும் இப்போதே போட்டு வைக்க வேண்டாம். பதிந்த பிறகு தொடர்ந்து 5 வருடமும் அதற்கு மேல் 3 மாதமும் பயன்படுத்தாமல் கிடந்தால், பிரிவு 47இல் யாரும் நீக்கக் கேட்கலாம்.

கட்டணம்: படிவம் டிஎம்-ஏ, ஆன்லைனில் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய், ஆனால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழிலுக்கு மட்டும். மற்றவர்களுக்கு 9,000. பார்ட்னர்ஷிப் என்பதால், சிறுதொழில் என்று காட்டும் உத்யம் சான்றிதழ் இணைத்தால்தான் 4,500. உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கும் தளங்கள் அரசுடையவை அல்ல. 30, 35 இரண்டுக்கும் 9,000 ஆகும். ஒரே விண்ணப்பத்தில் இரண்டு வகுப்பையும் போடலாம், கட்டணம் குறையாது. ஒரு வகுப்பில் ஆட்சேபம் வந்தால் மற்றதும் சேர்ந்து நிற்கும். தனித்தனியாகப் போடுவது நல்லது. விண்ணப்பதாரர் இடத்தில் ஃபர்ம் பெயரோடு இரண்டு பார்ட்னர் பெயரும் வர வேண்டும். டொமைன், ஜிஎஸ்டி, உணவுப் பாதுகாப்பு உரிமம் எல்லாவற்றிலும் அதே பெயர் அதே எழுத்துக்கூட்டலில் இருக்கட்டும்.

ஆங்கில எழுத்தில் வெறும் சொல்லாக ஒன்று போடுங்கள், லோகோ இல்லாமல். அதுதான் டொமைன் சண்டையில் கைகொடுக்கும். நாளைக்கு லோகோவை மாற்றினாலும் செல்லும். பணம் இருந்தால் பையில் இருக்கிற தமிழ் வடிவத்தைப் படமாக இரண்டாவது விண்ணப்பம். தமிழ் எழுத்து இருந்தால் ஒலிபெயர்ப்பும் பொருளும் ஆங்கிலத்திலோ இந்தியிலோ தர வேண்டும் என்று 2017ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. கோத்த சொல்லுக்குப் பொருள் இல்லை என்றால் இல்லை என்றே எழுதுங்கள். விளக்கம் கொடுக்கிறேன் என்று 'நல்ல அரிசி' என எழுதி ஆட்சேபத்தை நீங்களே வரவழைக்காதீர்கள்.

'இந்தத் தேதி முதல் பயன்பாட்டில்' என்று கோரினால் பிரமாணப் பத்திரமும் ஆதாரமும் சேர்க்க வேண்டும். இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். 2021இல் டொமைன் வாங்கிய ரசீதை வைத்து 2021 முதல் பயன்பாடு என்று எழுதுகிறார்கள். டொமைன் வாங்குவது பயன்பாடு ஆகாது. பொருள் அந்தப் பெயரோடு விலைக்குப் போன தேதிதான் கணக்கு. உங்கள் 2022 ஜனவரி பில்லில் அந்தக் கோத்த சொல் இருக்கிறதா, ஃபர்ம் பெயர் மட்டுமா? சொல் இல்லையென்றால் பை அச்சடித்த பிரஸ் பில், டிசைன் அனுப்பிய ஈமெயில், திருத்துறைப்பூண்டி நெல் திருவிழா மாதிரி இடத்தில் கடை போட்டிருந்தால் பையோடு எடுத்த படம், ஃபேஸ்புக் பதிவின் தேதி, இவையெல்லாம் சேர்த்து நிலைநாட்ட வேண்டும்.

சென்னை கிண்டி அலுவலகம்தான் நமக்கு. ஆய்வறிக்கை வந்தால் ஒரு மாதத்துக்குள் பதில் போக வேண்டும், இல்லையென்றால் கைவிட்டதாகக் கணக்கு. ஏஜென்ட் மூலம் போட்டால் கடிதம் அவர் ஈமெயிலுக்குத்தான் போகும். நீங்களும் மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பாருங்கள். ஏற்றபின் டிரேட்மார்க் ஜர்னலில் வரும், 4 மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்த்தால் உங்கள் எதிருரைக்கு 2 மாதம். யாரும் எதிர்க்கவில்லை என்றால் சான்றிதழ், அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. உரிமை விண்ணப்பத் தேதியிலிருந்து 10 வருடம். சான்றிதழ் வரும்வரை பையில் 'டிஎம்' போடலாம், வட்டத்துக்குள் 'ஆர்' போடக் கூடாது.


மகாமகக்குளம்:

கீழவீதி சொன்னதோடு ஒன்று. பெயரில் ஊர் சேர்க்க நினைக்கும் மற்றவர்களுக்கும் இது பொருந்தும். டெல்டாவில் பல பொருள்களுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது: நாச்சியார்கோவில் குத்துவிளக்கு, சுவாமிமலை ஐம்பொன் சிலை, தஞ்சாவூர் ஓவியம், தலையாட்டி பொம்மை, வீணை, திருபுவனம் பட்டு, நரசிங்கம்பேட்டை நாகஸ்வரம், 2025இல் கும்பகோணம் வெற்றிலை. இந்தப் பெயர்களைத் தனி டிரேட்மார்க்காகப் பதிய புவிசார் குறியீட்டுச் சட்டமே தடை போடுகிறது. அந்தப் பொருளை உண்மையிலேயே அங்கே செய்பவர் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று பதிந்துகொண்டு, பக்கத்தில் தன் சொந்தப் பெயரை டிரேட்மார்க்காக வைத்துக்கொள்வதுதான் முறை. விளக்குக் கடைக்காரர் ஊர்ப்பெயர் டொமைனை வாங்கிவிட்டால் அந்த ஊர் விளக்கு முழுக்கத் தனக்குச் சொந்தம் என்று நினைக்கக் கூடாது. அது பட்டறைக்காரர்கள் எல்லாருடைய பெயர்.


வெட்டாறு_கரை:

மிக்க நன்றி. வெப்சைட் செய்தவர் இன்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார், அவர் பெயரில்தான் இருக்கிறது. மாற்றித் தருவதாகச் சொல்லிவிட்டார். 2022 பில்லில் ஃபர்ம் பெயர்தான், ஆனால் பை அச்சடித்த பில் 2021 டிசம்பர் தேதியில் இருக்கிறது, அதில் அந்தச் சொல் எழுதியிருக்கிறது. சரி, அந்த டாட் இன்? பக்கத்து ஊர்க்காரர் எங்கள் தளத்திலிருந்து நாற்று நடும் படங்களையும் அரிசிப் படங்களையும் எடுத்துப் போட்டிருக்கிறார்.


குடமுருட்டி:

டாட் இன் தகராறுக்குத் தனி நடைமுறை உண்டு. டாட் இன் பதிவகத்தை நடத்தும் நிக்சியின் ஐஎன்டிஆர்பி. டாட் காமுக்கு அதே மாதிரி யுடிஆர்பி என்ற நடைமுறை, பெரும்பாலும் ஜெனிவாவில் உள்ள வைப்போ என்ற உலக அறிவுசார் சொத்து அமைப்பில். அங்கே ஒரே நடுவர் என்றால், ஐந்து டொமைன் வரை கட்டணம் 1,500 டாலர். இரண்டிலும் நிரூபிக்க வேண்டியது மூன்று: எதிராளியின் டொமைன் உங்களுக்கு உரிமையுள்ள பெயரோடு குழப்பும்படி ஒத்திருக்கிறது, அந்தப் பெயரில் அவருக்கு நியாயமான பாத்தியதை இல்லை, தீய நோக்கம். மூன்றாவதில்தான் வித்தியாசம். டாட் காமில் தீய நோக்கத்தோடு பதிந்ததையும் காட்ட வேண்டும், பயன்படுத்துவதையும் காட்ட வேண்டும். டாட் இன்னில் இரண்டில் ஒன்று போதும்.

ஆனால் உங்கள் விஷயத்தில் இப்போதே அங்கே போகச் சொல்ல மாட்டேன். முதல் படியிலேயே இடறும். 'ஊர்ப்பெயர் + அரிசி' உங்கள் பெயர் என்று காட்ட உங்களிடம் பதிவு இல்லை, அது பொருளை விவரிக்கும் பெயர். இரண்டாவது படியில் அவர், 'நானும் இந்த வட்டாரத்தில் அரிசிதான் விற்கிறேன், அதைத்தான் முகவரி சொல்கிறது' என்பார். அது வலுவான பதில். கட்டணம் கட்டித் தோற்றால் அந்தத் தீர்ப்பே பிறகு உங்களுக்கு எதிராக நிற்கும்.

உச்ச நீதிமன்றம் 2004இல் சத்யம் இன்ஃபோவே வழக்கில் டொமைன் பெயரும் வணிகச் சின்னம் போலக் காக்கப்படும், பிறர் பெயரில் தன் சரக்கை ஓட்டுவதற்கு எதிரான சட்டம் இதற்கும் பொருந்தும் என்று சொன்னது. அங்கே ஜெயித்த பெயர் 'சிஃபி', கம்பெனிப் பெயரிலிருந்து கோத்தெடுத்த சொல். நாளைக்கு உங்கள் கோத்த சொல்லில் யாராவது டொமைன் எடுத்தால் இந்தத் தீர்ப்பும் ஐஎன்டிஆர்பியும் உங்கள் பக்கம் நிற்கும். அப்போதும் ஒரு நிபந்தனை: உங்கள் பயன்பாடு அவர் டொமைன் பதிந்த தேதிக்கு முந்தையதாக இருக்க வேண்டும். முன்பே ஒருவர் எடுத்து வைத்த டாட் காமை, பிறகு டிரேட்மார்க் வாங்கிப் பிடுங்க முடியாது.

இப்போது உங்களிடம் இருக்கும் பலமான பிடி படங்கள்தான். பதிப்புரிமைக்குப் பதிவு தேவையில்லை. லோகோவைப் போலன்றி, புகைப்படம் நீங்கள் எடுத்ததா, காசு கொடுத்து எடுக்கச் சொன்னதா, இரண்டும் உங்களுடையவை, வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால் தவிர. மூலக் கோப்பை அழிக்காமல் வைத்திருங்கள், எடுத்த தேதி அதற்குள் இருக்கும்; வாட்ஸ்அப்பில் போய்வந்த படத்தில் அது இருக்காது. அவர் பக்கத்தை முகவரியும் தேதியும் தெரியும்படி சேமியுங்கள், இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வேபேக் மெஷினிலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இதையெல்லாம் புகார் அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டும். அனுப்பிய மறுநாள் பக்கம் மாறிவிடும். கோர்ட்டுக்குப் போகிற நிலை வந்தால் இந்த மின்னணு ஆதாரங்களுக்கு 2023ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் பிரிவு 63 சான்றிதழ் வேண்டும், அதற்கு மூலக் கோப்பு இருக்கும் போனும் கம்ப்யூட்டரும் கையில் இருப்பது நல்லது. பிறகு அவர் தளத்தை வைத்திருக்கும் ஹோஸ்டிங் கம்பெனிக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் படத்துக்குப் படம் முகவரி கொடுத்துப் பதிப்புரிமைப் புகார்.

தவறி ஆர்டர் போட்டவர்களின் செய்திகளையும் சேமியுங்கள். குழப்பம் நடந்ததற்கு அதைவிட நல்ல ஆதாரம் இல்லை. அவரிடம் நேரில் பேசுவதானால் பேசுங்கள், பக்கத்து ஊர்தானே. டாட் இன்னை என்ன விலைக்குத் தருவீர்கள் என்று மட்டும் நீங்களாக எழுத்தில் கேட்காதீர்கள். அவரே விலை சொன்னால் அது தீய நோக்கத்துக்கு ஆதாரம், நீங்கள் கேட்டு அவர் சொன்னால் அந்த வலு குறைந்துவிடும்.


அரசலாறு:

இன்னும் ஒன்று. விண்ணப்பம் போட்டதும் உங்கள் பெயரும் முகவரியும் பொதுவில் வந்துவிடுவதால் போலிக் கடிதங்கள் வரத் தொடங்கும். 'சர்வதேசப் பதிவேட்டில் சேர்க்கிறோம், இவ்வளவு கட்டுங்கள்' என்று முத்திரையோடு ஒரு தாள். 'சீனாவில் ஒரு கம்பெனி உங்கள் பெயரில் டொமைன் கேட்கிறது, உடனே பதில் சொல்லுங்கள்' என்று ஒரு ஈமெயில். பதில் போட வேண்டாம். டிரேட்மார்க் கட்டணம் அரசுத் தளத்தில் மட்டும், டொமைன் கட்டணம் உங்கள் ரெஜிஸ்ட்ராரின் கணக்கில் மட்டும்.


வெட்டாறு_கரை:

புதுப் பெயர் டொமைனுக்குத் தளத்தை மாற்றினால் பழைய டாட் காமை விட்டுவிடலாமா? கூகுளில் அதில்தான் வருகிறோம்.


கீழவீதி:

விடவே வேண்டாம். பழைய தளத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் புதிய தளத்தில் அதே பக்கத்துக்கு 301 என்ற நிரந்தரத் திருப்பம் போடச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் முகப்புக்கே திருப்பினால் கூகுளில் இருக்கும் இடம் போய்விடும். கூகுள் சர்ச் கன்சோலில் முகவரி மாற்றத்தையும் தெரிவியுங்கள். திருப்பம் குறைந்தது ஒரு வருடம் இருக்க வேண்டும், ஆனால் டொமைனைக் கடை இருக்கும்வரை புதுப்பித்துக்கொண்டே இருங்கள். நீங்கள் விட்ட மறுநாள் அதை யார் எடுப்பார் என்று உங்களுக்கே தெரியும். அடுத்த தடவை பை அச்சடிக்கும்போது புதிய முகவரியை அந்தச் சொல்லுக்குக் கீழேயே போடுங்கள், அச்சடித்த பில்லில் அந்தச் சொல்லையும் தேதியையும் எழுதி வாங்குங்கள்.